கையெழுத்து வைத்த கதை

அத்தியாயம் பதினொன்று

பூரணி மாமி காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறிவிட்டா.

அந்தச் செய்தி வந்தபோது நிரோஜினி, நேர்முகப் பரீட்சைக்குக் கட்டப்போகிற சேலையை அயன் பண்ணிக்கொண்டு நின்றாள். "ஈச்சிலம்பற்றில ஏறிட்டன் பிள்ளை. வீட்டுக்கு வரேல்லை. நேர உன்ர ஒபிசுக்குத்தான் வாறன்" என்று சொன்ன மாமி, மறுமொழிக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டா. சேலைத் தலைப்பு ஒரு விரலளவு கருகிப்போனதை அவள் பிறகுதான் கண்டாள்.

போன கிழமை இதழ் கைக்குக் கிடைக்காதவர்களும் இருப்பீர்கள். விசயம் இதுதான். நிரோஜினி ஒரு தொண்டு நிறுவனத்தில் களஉத்தியோகத்தர். வயது இருபத்தெட்டு. ஆறு வருசத்தில் ஒன்பது ஒப்பந்தம் கண்டவள். ஒவ்வொரு திட்டமும் முடிகிற நேரம், அடுத்தது வருமோ வராதோ என்று நகம் கடித்தே காலம் போனது. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு நிரந்தர வேலை வாசலுக்கு வந்திருக்கிறது. திட்ட இணைப்பாளர்! அந்த வாசலைத் திறந்துவிட்டது அவள் எழுதிய ஒரு கதை. இலங்கைத்துறையில் இருக்கிற சொந்த மாமி, அப்பாவின் தங்கச்சி பூரணியின் கதை.

பெயரைக் "கமலம்" என்று மாற்றித்தான் எழுதினாள். சுனாமி அன்று கமலத்தின் நாலு மாதப் பெண் குழந்தை கை நழுவிக் கடலோடு போனது. அன்று பின்னேரமே, தாழம் பற்றைக்குள் செருகிக் கிடந்த பாரமில்லாமல் மிதக்கிற ஒரு வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டிக்குள் அதே வயதில் வேறொரு பெண் குழந்தை உயிரோடு கிடந்தது. கமலமும் புருசனும் அதைத் தூக்கி, செத்த பிள்ளையின் பெயரையே வைத்து வளர்த்தார்கள். இதுதான் கதை. கொழும்பில் வாசித்தவர்கள் எல்லாரும் அழுதார்களாம். நேற்றுப் பின்னேரம் முகநூலில் போட்டார்கள். பொழுதுபட முன்னமே மகளிர் சங்கத் தலைவி தன் போனைக் கொண்டுபோய் மாமிக்கு வாசித்துக் காட்டிவிட்டா.

அந்தப் பிள்ளைதான் சுலோஜனா. அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. அலை வந்த நேரம் அம்மா தன்னை ஒரு மீன் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினா என்பதுதான் அவள் அறிந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னாள், ரியூசனில் சொன்னாள், பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். இருபத்தொரு வயதாகிறது. மூன்று கிழமையாக நிரோஜினியின் நிறுவனத்திலேயே பயிலுனராகச் சேர்ந்து, உட்துறைமுக வீதியில் இருக்கிற நிரோஜினி வீட்டிலேயே தங்கியும் இருக்கிறாள். இதைவிட வேறென்ன வேணும்!

"மச்சாள், என்ர போனுக்கு டேட்டா போட்டுவிடுறன் எண்டனீங்களே, போட்டனீங்களோ?" என்று தலையைச் சீவிக்கொண்டே சுலோஜனா அறைக்குள் வந்தாள்.

"ஐயோ, மறந்தே போனன் சுலோ."

மறக்கவில்லை. வேண்டுமென்றே போடாமல் விட்டாள். முகநூலை அந்தப் பிள்ளை திறந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், கடைக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள் அவள்.

"நிரந்தரம் எண்டால் அது வேற விசயம்" என்று முன் விறாந்தையிலிருந்து அப்பா சோமசேகரம் குரல் கொடுத்தார். துறைமுகத்தில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த ஒரு சொல்லைத்தான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நிரந்தரம் எண்டால் கலியாணப் பேச்சும் நிமிர்ந்து நிக்கும். வீரகத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டுப் போ பிள்ளை."

அவருக்கும் ஒன்றும் தெரியாது. தன் தங்கச்சியின் பிள்ளை இருபது வருசத்துக்கு முதல் செத்துப்போனது அந்த மனுசனுக்குத் தெரியாது. தங்கச்சி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதும் தெரியாது.

உவர்மலையில் இருக்கிற ஒபிசுக்கு ஓட்டோவில் போகும்போது சுலோஜனா ஓயாமல் கதைத்தாள். கடல் ஒரு பக்கம் பளபளவென்று கிடந்தது. நிரோஜினி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"மச்சாள், நீங்கள் சொன்ன மாதிரி நானும் ஒண்டு செய்திட்டன்."

"நான் என்ன சொன்னனான்?"

"முதல் கிழமை சொன்னனீங்கள். களத்துக்குப் போறவை ஆயிரம் பேர், கதை கொண்டு வாறவைதான் மேல போவினம் எண்டு. பயிலுனர்மார் எல்லாரும் ஒரு கதை எழுதிக் குடுக்கோணும் எண்டு எங்கட மனேஜர் கலீல் சேர் கேட்டவர். நானும் குடுத்திட்டன். கொழும்பு மிஸ் வாசிக்கிறாவாம்."

"என்ன கதை?"

"சொல்லமாட்டன். வரட்டும், பாருங்கோ."

வேறு நாளென்றால் நிரோஜினி தோண்டித் துருவிக் கேட்டிருப்பாள். அன்றைக்கு அவள் மனம் முழுக்க ஐந்தரை பஸ் எங்கே வந்துகொண்டிருக்கும் என்பதிலேயே இருந்தது.

ஒபிசில் அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டுகள் வாசலிலேயே கிடந்தன. அதே கதைதான், அட்டையில் கடற்கரையைப் பார்த்து நிற்கிற ஒரு பெண்ணின் முதுகு. கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. உறைக்குள் போட்டு முகவரி ஒட்டுகிற வேலையைச் சுலோஜனாவுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவள் கத்தரிக்கோலை எடுக்கக் கை நீட்டியதும் நிரோஜினிக்கு உயிர் போய் வந்தது.

"அது பிறகு. முதல்ல இந்தக் கடிதத்தைக் கச்சேரியில, அரசாங்க அதிபர் ஒபிசில குடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்தும் எடுத்துக்கொண்டு வா. அவசரம்."

"இப்பவேயோ?"

"இப்பவே."

அவள் படியிறங்கிப் போய்க் கால்மணி நேரம் ஆகவில்லை, பூரணி மாமி வந்து சேர்ந்தா. ஊரில் சங்கக் கூட்டத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. கையில் ஒரு பையும் இல்லை. எப்போது வந்தாலும் கருவாடோ கணவாயோ கொண்டுவருகிற மனுசி வெறுங்கையோடு வந்து நின்றா. நிரோஜினி மாமியைச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்க அவள்?"

"கச்சேரிக்கு அனுப்பியிருக்கிறன் மாமி. வர ஒரு மணித்தியாலம் ஆகும். இருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ."

"நான் இருக்க வரேல்லை. என்ன வேலை பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்?"

"பேரை மாத்தித்தான் மாமி..."

"பேரை மாத்தினால்? அந்தப் பெட்டியை மாத்தினனீயோ? ஊரில ஆருக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது? அவளே வாய் ஓயாமல் சொல்லித் திரியிற பெட்டி. அதைக் கேட்ட ஒரு சனம் இதை வாசிச்சால் கமலம் ஆரெண்டு யோசிக்கோணுமோ?"

நிரோஜினி வாய் திறந்தாள். வந்தது வேறொன்று. ஆறு வருசப் பழக்கத்தில், யோசிக்காமலே வந்தது. "நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள்தானே, மாமி."

சொன்ன உடனேயே தன் மேல் அவளுக்கே அருவருப்பு வந்தது. மாமி அவளைக் கண் கொட்டாமல் பார்த்தா.

"எதுக்கு வைச்சனான்? 'மாமி, கதைச்சதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கோ' எண்டனீ. ஒவ்வொரு முறையும் வந்து கதைச்சிட்டுப் போகேக்க வாங்குவாய். நீ வந்துபோனதுக்கு ஒபிசில சாட்சி வேணுமெண்டு வாங்குவாய். அதெண்டுதான் போட்டனான்."

கோப்பு அலுமாரியிலேயே இருந்தது. நிரோஜினி எடுத்துத் திறந்தாள். இரண்டு தாள், ஒரே ஊசியால் குத்தியிருந்தது. முதல் தாள், களத்துக்குப் போய்வந்ததற்கான வரவுத் தாள். அடியில் சம்மதப் படிவம். "எனது கதையைப் பயன்படுத்துவதற்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." அதற்குக் கீழே மாமியின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

எங்கள் பக்கத்தில் கதை என்றால் என்ன என்று இந்தப் படிவம் எழுதின மகாராசாவுக்கு ஆர் சொல்வது? வாய் திறந்தால் கதை. வேலியால் எட்டிப் பார்த்தால் கதை. "வா, இருந்து கதைச்சிட்டுப் போ" என்றால், வந்து மனதில் கிடப்பதைச் சொல்லிவிட்டுப் போ என்றுதான் அர்த்தம். அதை அச்சடிக்க ஆரும் நினைக்கமாட்டார்கள். நிரோஜினிக்கு இது தெரியாமலா? இதே ஊரில் பிறந்தவள். ஆனால் மாதத்துக்கு நாற்பது கையெழுத்து எடுக்கவேண்டும். இரண்டு தாளையும் தனித்தனியாய் வாசித்து விளங்கப்படுத்த நேரம் போதாது. அதனால் ஒன்றாய்க் குத்திக்கொண்டு போய், "கதைச்சதுக்கு ஒரு கையெழுத்து" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவாள். சுலபமான வழி! ஒபிசில் மற்றவர்களுக்கும் அவள்தான் அதைக் காட்டிக் கொடுத்தாள்.

"நான் ஏன் உன்னட்டச் சொன்னனான் தெரியுமோ?" மாமியின் குரல் இறங்கிவிட்டது. "அவரும் செத்துப்போனார். அந்தப் பிள்ளை செத்தது இனி எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் போயிட்டால், அப்பிடி ஒரு பிள்ளை பிறந்ததே இல்லை எண்டு ஆகிடும். இருபது வருசம் நான் அதுக்கு ஒரு விளக்கு வைக்கேல்லை. வைச்சால் இவள் ஏனெண்டு கேப்பாள். ஒராளுக்காவது சொல்லி அழோணும் போல இருந்தது. என்ர அண்ணன்ர பிள்ளைக்குச் சொன்னனான். உன்ர நிறுவனத்துக்குச் சொல்லேல்லை."

நிரோஜினி அழுதாள். மாமி அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையிலும் இல்லை.

"அவளுக்குத் தெரிஞ்சால் என்னை விட்டிட்டுப் போயிடுவாள். இதுநாள் வரைக்கும் பொய் சொன்னனான் எண்டு போயிடுவாள். எனக்கு வேற ஆர் இருக்கினம்? இதை நிப்பாட்டு."

"நான் கேட்டுப் பாக்கிறன் மாமி."

"கேட்டுப் பாக்கிறன் எண்டு சொல்லாத. நிப்பாட்டுறன் எண்டு சொல்லு."

அதற்குள் வெளியே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பதினொரு மணிக்கு என்று சொன்ன நேர்முகப் பரீட்சையைப் பத்து மணிக்கே எடுக்கப் போகிறார்களாம். மாமியை விறாந்தையில் இருத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நிரோஜினி உள்ளே போனாள்.

அவள் மனதில் ஒரு கணக்கு ஓடியது, மறைக்க ஒன்றுமில்லை. முதலில் வேலை கையில் வரட்டும். நிரந்தரமாகிவிட்டால் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கும். நாளைக்கே "அந்தக் கதையை எடுத்துவிடுவோம்" என்று கேட்கலாம். கோழைத்தனம்தான். ஆனால் ஒன்பது ஒப்பந்தம் கண்ட பிள்ளையை அதற்காகத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மாவட்ட முகாமையாளர் கலீலுர் றஹ்மான், நல்ல மனுசன், எதற்கும் குரல் உயர்த்தாதவர். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் ஜுமானா. கிண்ணியாவில் பிறந்தவ. ஒரு காலத்தில் அகதி முகாமில் தொண்டராகப் பெயர் பதிந்து திரிந்து, இன்று நாற்பது வயதுக்குள் பணிப்பாளராகியிருக்கிறா. நிரோஜினி போன்றவர்கள் எல்லாரும் ஜுமானாவைப் பார்த்துத்தான் நாளைக்கு நாமும் என்று நினைப்பார்கள்.

"உங்கட வேலையில நீங்க விட்ட ஒரு பிழையைச் சொல்லுங்க, நிரோஜினி. அதுல என்ன படிச்சீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பதிலையும் பாடமாக்கி வைத்திருந்தாள். ஒருமுறை அறிக்கையை மூன்று நாள் பிந்தி அனுப்பியது, அதிலிருந்து நேரத்தைத் திட்டமிடப் பழகியது. கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்த அந்தப் பதிலைச் சொல்லி முடித்தாள். ஜுமானா தலையாட்டவில்லை.

"சரி. வேற ஒண்டும் இல்லையா?"

"இல்லை மிஸ்."

ஜுமானா இரண்டு தாள்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. ஒன்று நிரோஜினியின் கதை. மற்றது கையால் எழுதினது. அந்த உருண்டை எழுத்து ஆருடையது என்று நிரோஜினிக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இது பயிலுனர் சுலோஜனா எழுதினது. தன்ட சொந்தக் கதை. தாய் பூரணி, ஊர் இலங்கைத்துறை. சுனாமி நேரம் தாய் தன்னை ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள்ள வெச்சுக் காப்பாத்தினதா எழுதியிருக்கிறா. நீங்க எழுதின கமலத்துக்கு எடுத்த சம்மதப் படிவத்தையும் நான் பாத்தன். அதிலயும் பூரணி, இலங்கைத்துறை." ஜுமானா விரலால் மேசையைத் தட்டினா. "ஒரு தாய். ஒரு பெட்டி. மகள் சொல்றா, நான்தான் அந்தப் பிள்ளை எண்டு. நீங்க சொல்றீங்க, மகள் செத்திட்டா எண்டு. ரெண்டில ஒண்டு பொய்."

கலீலுர் றஹ்மான் மெதுவாகச் சொன்னார், "ஏதும் விளக்கம் இருந்தாச் சொல்லுங்க நிரோஜினி. பிழையா விளங்கிக்கொண்டீங்களா?"

"இப்பத்தான் அந்தப் பிள்ளை படியேறி வந்ததைக் கண்டன்" என்று ஜுமானா எழுந்தா. "தாயும் வெளிய இருக்கிறாவாம். ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டுக் கேப்பம். அஞ்சு நிமிசத்தில தெரிஞ்சிடும்."

"வேண்டாம்!"

அவள் கத்தியே விட்டாள். ஜுமானா கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தா.

"கூப்பிட வேண்டாம் மிஸ். சுலோஜனா எழுதினதுதான் உண்மை. நான் எழுதினது... நான் கட்டின கதை."

"கட்டின கதை?"

"ஓம். பெட்டிக் கதையை அவள் சொல்லக் கேட்டனான். அது காணாது எண்டு நினைச்சன். பிள்ளை செத்துப்போனதாய் நான்தான் சேர்த்தனான். மாமிக்கு ஒண்டும் தெரியாது. வரவுத் தாள் எண்டு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினனான்."

கடைசி வசனம் மட்டும் உண்மை. அதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது.

கலீலுர் றஹ்மான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருசமா உங்களைத் தெரியும். நீங்க இப்பிடிச் செய்யிற ஆள் இல்லையே."

"செய்திட்டன் சேர்."

"ஏன்?" என்றா ஜுமானா.

"வெள்ளிக்கிழமைக்கு முந்தி ஒரு கதை வேணும் எண்டு கொழும்பில இருந்து கேட்டீங்கள். நல்ல கதை வேணும், போன முறை அனுப்பினது காணாது எண்டீங்கள்."

ஜுமானாவின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு இறுகிவிட்டது. திரும்பி வந்து கதிரையில் இருந்து, கொழும்புக்குப் போன் எடுத்து, முகநூலிலிருந்து அந்தப் பதிவை உடனே அழிக்கச் சொன்னா. புத்தகக் கட்டுகளை அவிழ்க்காமலே பூட்டி வைக்கும்படி கலீலுர் றஹ்மானுக்குச் சொன்னா. ஐந்து நிமிசம் ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. மாமி கேட்டது நடந்துவிட்டது.

"வேலையைப் பற்றி இனிக் கதைக்க ஒண்டுமில்லை" என்றா ஜுமானா. "இப்ப இருக்கிற ஒப்பந்தமும் இந்த மாசத்தோட சரி. பொய்க் கதை எழுதினதெண்டு கோப்பில எழுதத்தான் வேணும். அதுக்குப் பிறகு இந்தத் துறையில ஆரும் உங்களை எடுக்கமாட்டாங்க. நானே சிபாரிசு செய்து மேல கொண்டுவர நினைச்ச ஆள் நீங்க. அந்தப் பிள்ளைக்கிட்ட நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க."

மன்னிப்புக் கேட்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கலீலுர் றஹ்மான் முந்திப் போய், நாளைக்கு வேறு வாயால் கேட்பதைவிட இன்றைக்கே அறிவது நல்லது என்று நினைத்து, விசயத்தைச் சொல்லி இரண்டு தாளையும் சுலோஜனாவின் கையில் கொடுத்துவிட்டார். நிரோஜினி விறாந்தைக்கு வந்தபோது அவள் வாசித்து முடித்திருந்தாள். பக்கத்துக் கதிரையில் மாமி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தா.

"அப்ப உங்கட கதையில நான் செத்துப்போனன்" என்றாள் சுலோஜனா.

"சுலோ..."

"என்ர அம்மா கையை விட்டவவாம். ஆரோ பெத்த பிள்ளையைத் தூக்கி வந்து எனக்குப் பதிலாய் வைச்சவவாம். எப்பிடி மச்சாள் உங்களுக்கு மனம் வந்தது? உங்கட வீட்டிலதானே நான் சாப்பிட்டு நித்திரை கொள்ளுறன்! ஒரு வேலைக்காகவோ?"

"ஓம்" என்றாள் நிரோஜினி. "ஒரு வேலைக்காகத்தான்."

"கதை கொண்டு வாறவைதான் மேல போவினம் எண்டு நீங்கள் சொல்லேக்க, இதைத்தான் சொல்லுறீங்கள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு." அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் ஏன் வாயே திறக்கிறீங்களில்லை? கேளுங்கோவன்! உங்களைப் பற்றி எழுதியிருக்கிறா."

"விடு பிள்ளை" என்றா மாமி. அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவவால் ஏலவில்லை.

"விடுறதோ? நான் விடமாட்டன். எழும்புங்கோ, மாமா வீட்டில கிடக்கிற என்ர உடுப்பை எடுத்துக்கொண்டு நாங்கள் ஊருக்குப் போவம். இந்த வேலையும் வேண்டாம், இந்தச் சொந்தமும் வேண்டாம்."

மாமி எழும்பினா. நிரோஜினியைக் கடந்து போகும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தா. அந்தக் கண்ணில் நன்றியும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. எது கூட என்று நிரோஜினிக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் படிக்குப் போக முன்னமே ஒரு மனுசன் ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சாரன், தலையில் தொப்பி, வெயிலில் கறுத்த முகம். நடந்து வந்த களையில் மூச்சு வாங்கியது.

"கமலம் எண்டு கதை எழுதின தங்கச்சி ஆரு?"

அவரே தொடர்ந்தார். "என்ட பேரு முனீப். மூதூரால வாறன். நேத்துப் பின்னேரம் மருமகள் ஸல்ஹா போனுல வாசிச்சுக் காட்டினா. அதுல உங்கட ஒபிசுப் பேரு இருந்த. அதான் நேர வந்த. அது சமாதான காலம் புள்ள. அந்த வருசம் நாங்களும் இலங்கைத்துறைக்கு அங்கால மீன் பிடிக்கக் கடற்கரையில வாடிக் குடிசை போட்டுத் தங்கியிருந்தம். பொஞ்சாதியும் கைப்புள்ளையும் கூட. அல வந்த நேரம் நான்தான் எங்கட புள்ளயப் பெட்டிக்குள்ள வெச்ச. பொறகு காணல்ல. தேடாத எடமில்ல. பொறகு சண்டையும் வந்து, அந்தப் பக்கம் போக ஏலாமப் போச்சு."

நிரோஜினி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

உள்ளேயிருந்து கலீலுர் றஹ்மான் வந்தார். அவருக்குக் கஷ்டமாய்ப் போய்விட்டது. முனீப்பை அண்ணன் முறையில் கூப்பிட்டார். "காக்கா, கொஞ்சம் இருங்க. அந்தக் கதை உண்மையில்ல. எங்கட பிழைதான். நிரோஜினி, நீங்களே சொல்லுங்க அவருக்கு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சுலோஜனா கோபத்தோடு பார்த்தாள். மாமி பார்க்கவே இல்லை.

"அது..." என்று தொடங்கினாள் நிரோஜினி. "அது நான் கட்டின கதை, காக்கா. அப்பிடி ஒரு பிள்ளை இல்லை."

"இல்லையா?"

"இல்லை."

முனீப் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "நல்ல காலம், பொஞ்சாதிக்கிட்டச் சொல்லாமத்தான் வந்த" என்றார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிரோஜினி தாங்கியிருப்பாள்.

"பாத்தீங்களோ உங்கட வேலையை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சுலோஜனா, குசினிக்குள் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். "இதைக் குடியுங்கோ. வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள்." அவர் கதிரை விளிம்பில் இருந்து முழுவதையும் குடித்துவிட்டுக் கிளாசைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இரு மகள்" என்று அவள் தலையில் கை வைக்கப் போனவர், அந்நியப் பிள்ளை என்ற எண்ணத்தில் கையை இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நிரோஜினி மாமியைப் பார்த்தாள். மாமி அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றா. அவவின் உதடு துடித்தது. வேண்டாம் மாமி, வேண்டாம் என்று நிரோஜினி தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இப்போது வாயைத் திறக்காதேயுங்கோ என்று கண்ணாலே கெஞ்சினாள்.

முனீப் கேற்றைத் திறக்கக் கை வைத்தார்.

"ஒருக்கால் நில்லுங்கோ" என்றா பூரணி மாமி. "உங்கட பிள்ளைக்கு அப்ப எத்தினை மாசம்?"